கிழங்குப் பொடிக்கு முன் அந்த இரத்தப்போக்கைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. உட்லண்ட்ஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். அலுவலக வேலை. ஒரு வருடமாக மாதவிடாய் ஒழுங்கில்லை. சில சமயம் இருபது நாளிலேயே வந்துவிடுகிறது, சில சமயம் இரண்டு மாதம் தள்ளிப் போகிறது. வந்தால் ஒன்பது, பத்து நாள் நீடிக்கிறது. முதல் மூன்று நாள் கட்டி கட்டியாகப் போகிறது. இரவில் வியர்த்து விழித்துக்கொள்கிறேன். காரணமே இல்லாமல் எரிச்சல் வருகிறது. தைராய்டு குறைவுக்குப் பல வருடமாகக் காலையில் மாத்திரை எடுக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி கொண்டு வந்திருக்கிறார். காலையில் பாலில் கலந்து குடித்தால் ஹார்மோன் கோளாறெல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அலுவலகத்தில் சீனத் தோழி டாங் குவாய் வேர் போட்ட சூப் குடிக்கச் சொல்கிறார். தூக்கத்துக்காக அமுக்கரா (அஸ்வகந்தா) கேப்சூலும் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்? இவை மாதவிடாய் நிற்பதைத் தள்ளிப் போடுமா? என் 17 வயது மகளுக்கும் மாதவிடாய் ஒழுங்கில்லை. அவளுக்கும் இதே பொடியைக் கொடுக்கலாமா?

– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது கிழங்கைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதற்கு முந்தைய வரி: பத்து நாள் இரத்தப்போக்கு, கட்டி கட்டியாக. அதற்கு என்ன காரணம் என்று தெரியும்வரை பொடி, சூப், கேப்சூல் மூன்றையுமே தொட வேண்டாம். கிழங்கு விஷம் என்பதால் இதைச் சொல்லவில்லை. உங்களுக்குள் நடப்பது என்னவென்று யாரும் இன்னும் பார்க்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

“இந்த வயசில் எல்லாருக்கும் அப்படித்தான்” என்று சொல்லிச் சொல்லியே நம் பெண்கள் இரத்தப்போக்கைச் சகித்துக்கொள்கிறார்கள். என் மருந்தகத்துக்கு வரும்போது சிலருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலைமுடி கொத்தாக உதிரும், முகம் வெளுத்திருக்கும். கேட்டால் “வேலை அதிகம் டாக்டர்” என்பார்கள். ஒரு நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நனைந்துவிடுகிறதா, கட்டிகள் ஒரு வெள்ளிக் காசைவிடப் பெரிதாக இருக்கின்றனவா, ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா என்று நான் கேட்பேன். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அது அதிக இரத்தப்போக்குதான். நாள் கணக்கை மட்டும் வைத்தே நீங்கள் அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்.

நாற்பதுகளின் பின்பாதியில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன். கிழங்கு வேண்டுமா வேண்டாமா என்பதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்துபோவதால்தான் எல்லாத் தொல்லையும் என்று பலர் நினைக்கிறார்கள். மாதவிடாய் முழுதாக நின்ற பிறகு அது சரி. நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் கதை வேறு. கருமுட்டை ஒழுங்காக வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜனோ ஒரு வாரம் எகிறும், மறுவாரம் சரியும். அதைக் கட்டுப்படுத்தப் புரோஜெஸ்டிரோன் இல்லாததால் கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகிறது. பிறகு ஒரு நாள் மொத்தமாக உதிர்கிறது. இரண்டு மாதம் தள்ளிப்போய் அதன்பின் கொட்டுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஈஸ்ட்ரோஜன் சரியும் நாள்களில் வியர்வை வரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜனைப் போல லேசாக வேலை செய்யக்கூடும் என்று சொல்லப்படும் ஒரு பொருளை இந்த நேரத்தில் உள்ளே அனுப்புவது நல்லதா? “ஹார்மோனைச் சமன்படுத்தும்” என்று பொட்டலத்தில் போட்டிருக்கும். எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்த்துக் கூட்டவும் குறைக்கவும் எந்தக் கிழங்குக்கும் தெரியாது. அந்த வாசகத்தை நான் ஏற்பதில்லை.

சவ்வு தடிப்பது ஒரு காரணம் மட்டுமே. கருப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி இருக்கலாம். தைராய்டு மாத்திரையின் அளவு போதாமல் போயிருந்தாலும் மாதவிடாய் அதிகமாகும். பலர் இதை யோசிப்பதே இல்லை. அரிதாகச் சவ்வில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருக்கலாம். சிங்கப்பூர்ப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களின் வரிசையில் கருப்பைப் புற்றுநோயும் முன்னால் நிற்கிறது. உடல் பருமன், நீரிழிவு, முன்பே சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல். பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகும் நோய் இது, ஒழுங்கற்ற இரத்தப்போக்குதான் அதன் முதல் அறிகுறி. ஆறு மாதம் பொடியைக் குடித்துப் பார்ப்போம் என்று இருந்துவிட்டால் அந்த ஆறு மாதம் வீண்.

ஆகவே இந்த வாரமே உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ நேரம் வாங்குங்கள். கடைசி மூன்று, நான்கு மாதவிடாய் தொடங்கிய தேதி, எத்தனை நாள் நீடித்தது, மிக அதிகமாகப் போன நாளில் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள் என்பதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போங்கள். ஐந்து நிமிடப் பேச்சில் கிடைக்காத விவரம் அந்தக் குறிப்பில் மருத்துவருக்குக் கிடைக்கும். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். 47 வயதில் எதற்கு என்று சங்கடப்பட வேண்டாம். மாதவிடாய் தள்ளிப் போகும் வயதிலும் கரு தங்கலாம். பிறகு இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அது சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே அது காலியாகியிருக்கும், உங்கள் எரிச்சலுக்கும் சோர்வுக்கும் அதுவும் காரணமாக இருக்கலாம். தைராய்டுக்கான டிஎஸ்எச் கட்டாயம் பார்க்க வேண்டும், தைராய்டு ஹார்மோன் போதாதபோது ஏறும் அளவு அது. அதன்பின் கருப்பைக்கு ஸ்கேன். தேவைப்பட்டால் மகப்பேற்று, மகளிர் நோய் நிபுணரிடம் அனுப்பி, சவ்விலிருந்து துளி திசு எடுத்துச் சோதிப்பார்கள். பலருக்கு இதை வெளிநோயாளியாகவே செய்துவிடலாம். “ஹார்மோன் டெஸ்ட்” என்று பெரிய தொகுப்பாக விற்கிறார்களே, அது உங்கள் வயதில் பெரும்பாலும் தேவையில்லை. ஈஸ்ட்ரோஜன் நாளுக்கு நாள் மாறும்போது ஒரு நாள் அளவை வைத்து என்ன முடிவு செய்வது?

இனி கிழங்குக்கு வருகிறேன். மாமியார் கொண்டு வந்ததை நான் மட்டம் தட்ட மாட்டேன். தண்ணீர்விட்டான் கிழங்கு, சதாவரி என்றும் சொல்வார்கள், சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாகப் பெண்களுக்குக் கொடுத்து வருவது. தாய்ப்பால் சுரக்க, வெள்ளைப்படுதலுக்கு, உடல் சூட்டுக்கு என்று நெய்யாகவும் லேகியமாகவும் செய்வார்கள். கொடியைத் தோண்டினால் விரல் விரலாக, கொத்தாக வெண்ணிறக் கிழங்குகள் வரும். தோலைச் சீவி, நடுவில் ஓடும் நரம்பை உருவி எடுத்துவிட்டு, உலர்த்திப் பொடிப்பார்கள். முறையாகச் செய்த பொடி வெளிர் நிறமாக, நாக்கில் லேசான இனிப்பும் கசப்புமாக இருக்கும். ஊரில் அதைக் கையால் செய்து, விமானத்தில் சுமந்து வந்திருக்கிறார் என்றால், அது மருமகள் மீதுள்ள அக்கறை. வாங்கி வையுங்கள், நன்றி சொல்லுங்கள். முதலில் பரிசோதனை முடியட்டும் என்று சொன்னால் அவருக்கும் புரியும்.

கிழங்கில் சதாவரின் எனப்படும் சப்போனின் வகைத் தாவரப் பொருள்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் போன்ற செயல்பாட்டைச் சோதனைக்கூடத்திலும் விலங்குகளிலும் பார்த்திருக்கிறார்கள். பெண்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை. நான் மருந்து எழுதும்போது கேட்கும் அளவுக்கான சான்று அவற்றில் இல்லை. “என் அக்காவுக்கு வியர்வை நின்றுவிட்டதே” என்பார்கள். நின்றிருக்கும், அவர் சொல்வது உண்மைதான். ஹார்மோன் சிகிச்சை ஆய்வுகளை 2004இல் தொகுத்துப் பார்த்த, கோக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கையில், வெறும் போலி மாத்திரை எடுத்த பெண்களுக்கே வியர்வைத் தாக்கம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வியர்வை அலை அலையாக வரும், தானாகவும் அடங்கும். அடங்கும் நேரத்தில் எதைக் குடித்தோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

உங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அது பாலில் இருக்கிறது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதையும் சாப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். மாத்திரை போட்ட கையோடு பாலில் கலந்த பொடியைக் குடித்தால், பாலிலுள்ள கால்சியம் மாத்திரையைச் சரியாகச் சேர விடாது. டிஎஸ்எச் ஏறும். டிஎஸ்எச் ஏறினால் மாதவிடாய் இன்னும் அதிகமாகும். நல்லது செய்யப் போய் நேர்மாறாக முடியும். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுத்தாலும் இதே கதைதான். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

அமுக்கரா கேப்சூலை நீங்கள் எடுக்கக் கூடாது. இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. அது தைராய்டு ஹார்மோனின் அளவை உயர்த்தக்கூடியது. நீங்கள் ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை என்று எந்தத் தொல்லைக்காக வாங்கினீர்களோ அதுவே கூடும். கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளாகி, அரிப்போடு மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

டாங் குவாய் சீனக் குடும்பங்களில் மாதவிடாய் முடிந்ததும் சூப்பில் போடும் வேர். உங்கள் தோழி அன்போடுதான் சொல்கிறார். ஆனால் இரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்ணுக்கு அது ஏற்றதல்ல. சீன மருத்துவர்களே அந்த நாள்களில் கொடுக்கத் தயங்குவார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தொடவே கூடாது. வியர்வைக்குப் பயன்படுமா என்றால், 1997இல் வெளியான ஒரு ஆய்வில் 71 பெண்களுக்கு 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

வாங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே சீனத் தயாரிப்பு மருந்துகளை விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தில் பட்டியலிட வேண்டும். நம் சித்த, ஆயுர்வேதப் பொருள்களுக்கு அப்படி முன் அனுமதி கிடையாது. பாதுகாப்பும் தரமும் இறக்குமதி செய்பவர், விற்பவர் பொறுப்பு. கன உலோகங்களுக்கு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது, மீறினால் நடவடிக்கை எடுக்கும். ஆனால் தேக்காவில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் யாரோ சோதித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2008இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இணையம் வழி வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அமெரிக்காவில் தயாரித்ததும் இருந்தது, இந்தியாவில் தயாரித்ததும் இருந்தது. வெறும் கிழங்குப் பொடியைவிட, உலோகங்களைப் புடம்போட்டுச் செய்யும் பஸ்பம், செந்தூரம் சேர்ந்த கலவைகளில் இந்த ஆபத்து அதிகம். “பெண்களுக்கான அனைத்து நோய்க்கும்” என்று எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொட்டலம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பரிசோதனையெல்லாம் முடிந்து, சவ்வு சரியாக இருக்கிறது, கட்டி இல்லை, தைராய்டு அளவும் சரி என்று வந்துவிட்டது, அப்போதும் பொடியைக் குடித்துப் பார்க்க ஆசை என்றால் நான் தடுக்க மாட்டேன். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அது ஒன்றை மட்டும், ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாமல், இரவில் பாலோடு எடுங்கள். காலை மாத்திரைக்கும் அதற்கும் நல்ல இடைவெளி கிடைக்கும். இரண்டு மாதம் பாருங்கள். இரவு எத்தனை முறை விழித்தீர்கள் என்று தொடங்குமுன் இரண்டு வாரமும் பிறகும் குறித்து வையுங்கள். மாற்றம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரத்தப்போக்கு கூடினாலோ, தோலில் தடிப்பு வந்தாலோ, சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆஸ்பாரகஸ் கீரைத்தண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது, இரண்டும் ஒரே குடும்பம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், டமாக்சிஃபென் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கிழங்கையே நினைக்க வேண்டாம்.

வேறு என்ன வழி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் பல பெண்கள் கிழங்கைத் தேடிப் போவதற்குக் காரணமே வேறு வழி இருப்பது தெரியாததுதான். இரத்தப்போக்கைக் குறைக்க, அந்த நாள்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது. கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. அது சவ்வு தடிக்காமல் பார்த்துக்கொள்ளும், கருத்தடையாகவும் உதவும், பல வருடம் அப்படியே விட்டுவிடலாம். வியர்வைக்கு ஹார்மோன் சிகிச்சைதான் இன்றும் மிக நன்றாக வேலை செய்கிறது.

“ஐயோ, ஹார்மோனா, கேன்சர் வருமே” என்று உடனே கேட்பீர்கள். அந்தப் பயம் 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்களில், வருடத்துக்கு 10,000 பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். அந்த அபாயம் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்று அதன்பின் வந்த தொடர் ஆய்வுகள் காட்டின. கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. உங்களுக்குப் பொருந்துமா என்பது பரிசோதனைக்குப் பிறகு நேரில் பேச வேண்டியது.

மாதவிடாய் நிற்பதை எந்தக் கிழங்கும் தள்ளிப் போடாது. சினைப்பையில் மீதமிருக்கும் கருமுட்டைகளின் கணக்கு அது. சிங்கப்பூரில் சராசரியாக 49 வயதில் நிற்கிறது. ஆகவே நீங்கள் இருக்கும் கட்டம் வயதுக்கு ஏற்றதுதான். 50 வயதுக்கு முன் நின்றால் இரண்டு வருடம்வரை கருத்தடையைத் தொடர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 40 வயதைத் தாண்டியவர் என்பதால் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். இன்னும் பதியாவிட்டால் இதுவே நல்ல சாக்கு. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கச் செய்யும் எச்பிவி கிருமிப் பரிசோதனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று அப்போதே பார்த்துவிடலாம்.

உங்கள் மகளுக்கு இந்தப் பொடி வேண்டாம். பாட்டி, அம்மா, பேத்தி மூவருக்கும் ஒரே டப்பாவிலிருந்து கொடுப்பது வீட்டில் சகஜம்தான், ஆனால் 17 வயதில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருப்பதற்கான காரணங்கள் உங்களுடையவை அல்ல. பூப்படைந்து முதல் இரண்டு, மூன்று வருடம் முன்பின்னாக வருவது இயல்பு. அதற்குப் பிறகும் 35 நாளுக்கு மேல் தள்ளிப் போகிறது, முகப்பரு அதிகம், தாடையிலும் மேலுதட்டிலும் முடி வளர்கிறது என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். திடீரென்று எடை குறைத்திருந்தாலும், தேர்வு நெருக்கடியில் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலும் மாதவிடாய் நின்றுபோகும். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் விடக் கூடாது. அவளுக்கென்று தனியாக நேரம் வாங்குங்கள். மருத்துவரிடம் முதலில் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள். அவள் தனியாகச் சொல்ல ஏதாவது இருக்கலாம்.